நன்றாக இருப்பதாக நான் எழுதிய படிவங்கள்

முதலில் செருப்பு இறுகியது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் அப்போது எனக்கு வேலை. நாளெல்லாம் நின்றுகொண்டே தையலையும் தோலின் சுருக்கத்தையும் பார்க்க வேண்டும். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் பள்ளமாக நின்றது, வெகுநேரம் மேடேறவில்லை. நிற்கிற வேலை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் முகம் உப்பியிருந்தால் அம்மா, "நல்லா தூங்கியிருக்கற" என்பாள்.

இரண்டு மாதம் கழித்து, கம்பெனி டிஸ்பென்சரிக்குத் தலைவலி மாத்திரை கேட்கப் போனேன். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், கருவிதான் கெட்டுவிட்டது என்று இன்னொன்றைக் கொண்டுவந்து மறுபடி பார்த்தார். பிறகு என்னை உட்காரச் சொல்லிவிட்டு மேனேஜருக்குப் போன் செய்தார். அன்று மாலையே வேலூரில் ஒரு மருத்துவமனை நடைக்கூடத்தில் கையில் சீட்டோடு நின்றிருந்தேன். கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு; ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள்) ஒன்றையொட்டி இருக்க வேண்டியது, பதினொன்று என்றிருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார்கள். எனக்கு இருபத்து நான்கு வயது.

மாற்று அறுவைக்குப் பிறகு எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்லும் தாள்கள் நிறையக் கிடைக்கின்றன. மனம் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அல்லது சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. புதுச் சிறுநீரகத்தோடு ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் இதைப் படிக்கக்கூடும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

எட்டு மாதம் டயாலிசிஸ் (இயந்திரம் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது). வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கொடுமையான நாட்கள்தான். ஆனாலும் அந்த நாட்களில் நான் தனியாக இல்லை. பக்கத்துப் படுக்கையில் ஒடுகத்தூர்க்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உடம்பில் எவ்வளவு நீர் தங்கியிருக்கிறது என்று எடை பார்ப்பார்கள். என் எடையை நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் வரும்.

"இன்னா தம்பி, மூணு கிலோ லக்கேஜா? தனி டிக்கெட் ஆவும்."

"உங்குளுது எவ்ளோ சார்?"

"நான் ஸ்டாஃப்பு. எனக்கு பாஸ் இருக்குது."

அம்மாதான் சிறுநீரகம் தர முதலில் முன்வந்தாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பது அந்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ரத்தம் எடுக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தார். அவர் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேலை செய்தவர். ஈரத் தோலை வாரித் தோளில் போட்டு, பதனிடச் சுழலும் டிரம்முக்குக் கொண்டுபோகிற வேலை. அவருடைய சிறுநீரகம் எனக்குப் பொருந்தியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பிலிருந்தே எங்கள் தெருவுக்கு வரும் எல்லாப் படிவங்களையும் நான்தான் நிரப்புவேன். பேங்க், ரேஷன் கார்டு, காப்பீடு, முதியோர் உதவித்தொகை. படிவத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதைவிட என்ன எழுதினால் திரும்பி வராது என்பதுதான் எனக்கு முதலில் புரிந்தது. ஒரு அம்மாளுக்கு 'ஆதரவற்றவர்' என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, அவருடைய இரண்டு மகன்களும் பக்கத்தில் நின்று, "கரெக்டா எழுது தம்பி, ரிட்டன் வந்துறப் போவுது" என்று கவலைப்பட்டார்கள்.

உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழுவின் முன்னால் அப்பாவை நிறுத்தியபோதும் அதே பழக்கம்தான். யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்பார்கள், "மனப்பூர்வமாகத் தருகிறேன்" என்று சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தேன். அப்பாவின் வாயில் 'மனப்பூர்வம்' நுழையவே இல்லை. உள்ளே போனதும் கேட்டார்கள். அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, "என் புள்ள சார்" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாளே கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்றுக்கு இறங்கியது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு இது மறுபிறவி என்றார்கள். அப்பாவைச் சாமி என்றார்கள்.

மூன்று மாதம் யாரும் அருகில் வரக் கூடாது. டாக்ரோலிமஸ் (புதுச் சிறுநீரகத்தை அந்நியப் பொருள் என்று உடம்பு தாக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை) காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் தவறக் கூடாது. எனக்கென்று தனி அறை, தனித் தட்டு. 'தொற்று அபாயம். பார்வையாளர்கள் வர வேண்டாம்' என்று நானே கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மூன்று மாதம் முடிந்தது. காகிதத்தை நான் எடுக்கவில்லை. அது இருக்கும்வரை, காகிதத்தைப் பார்த்துத்தான் யாரும் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அம்மா அதைக் கிழித்தாள். அதற்குப் பிறகும் யாரும் வரவில்லை. கம்பெனியில் என்னோடு ஒரே மேசையில் நின்ற இம்ரான் மட்டும் போன் செய்வான். "வரலாம்னுதான்டா பாக்கறேன். எங்கிட்டருந்து உனக்கு எதுனா ஒட்டிக்கினா பேஜாராய்டும்" என்பான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. கொஞ்ச நாளில் அதுவும் நின்றது.

அம்மா சோளிங்கர் மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் நான் போகக் கூடாது என்பதால் எனக்காக அவள் மட்டும் மலையேறிவிட்டு வந்தாள். தொற்று பயத்தில் பிரசாதத்தையும் எனக்குத் தரவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உருண்டு, கண்ணாடியில் வேறு யாரோ இருந்தான். டாக்ரோலிமஸால் விரல்கள் நடுங்கின. தோலில் மயிரிழைக் கீறலைத் தடவியே கண்டுபிடித்த விரல்கள். டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் ஆடியது. ஒருநாள் கண்டக்டர் போனில் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. அவர் இன்னும் ஊசியோடு அந்தப் படுக்கையில் இருக்கிறார், நான் தப்பித்து வந்துவிட்டேன், என்ன பேசுவது என்று தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து நானே கூப்பிட்டேன். அவர் மகள் எடுத்தார். "அப்பா தவறிட்டாருங்க" என்றார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அப்பா கனத்தைத் தூக்கக் கூடாது என்பதால் டேனரியில் அவரைக் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். அம்மா ஷூ கம்பெனியில் கூடுதல் நேரம் வேலை பார்த்தாள். இப்படி ஒரு வீட்டில், எனக்குக் காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் சமூகப் பணியாளர் கிரேஸ் அக்கா ஒரு தாள் தருவார். கடந்த நான்கு வாரங்களில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்திருந்ததா, உங்களைப் பற்றி நீங்களே மட்டமாக நினைத்தீர்களா. எதிரே நான்கு கட்டங்கள். நான் பேனாவை வாங்கி எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிடுவேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது. சோர்ந்திருக்கிறேன் என்று எழுதினால், இந்தப் பையனுக்கா சிறுநீரகம் வைத்தோம் என்று நினைப்பார்கள். அப்பா காதுக்குப் போகும். என்னைப் பொறுத்தவரை அதுவும் திரும்பி வரக் கூடாத ஒரு படிவம்.

"சூப்பர் சதீஷ். எல்லாம் ஜீரோ" என்று வாங்கிக்கொள்வார்.

ஒரு சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வரவில்லை. அப்பா கேட்டில் இருந்தார். எட்டு மணிக்குப் போனில் அலாரம் அடித்தது. அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாக வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும், அது முடியவில்லை. அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஒன்றும் ஆகவில்லை. எப்போதும்போலச் சிறுநீர் போனது. அடுத்த வாரம் இன்னொரு வேளை. பிறகு வாரத்தில் இரண்டு, மூன்று. பரிசோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொள்வேன். ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாகக் காட்டும். என் படிப்பு எனக்கு அந்தச் சாமர்த்தியத்தைக் கொடுத்திருந்தது.

அறுவைக்குப் பிறகு பதினான்காம் மாதம் கிரியேட்டினின் இரண்டு புள்ளி நான்கு என்று வந்தது. அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். பயாப்சி (சிறுநீரகத்தில் ஊசி செலுத்திச் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கியிருந்தது.

டாக்டர் மேடம் காலை ரவுண்டில் என் கட்டிலருகே நின்று கேட்டார். "மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா சதீஷ்?"

"இல்ல மேடம்."

"ஒரு வேளகூட?"

"இல்ல."

அவர் கோப்பைப் புரட்டினார். "லெவல் சரியாத்தான் இருக்கு. அப்படின்னா இந்த மருந்தையும் மீறி உடம்பு தாக்குது. இன்னும் பலமான ஊசிக்குப் போகணும். எதிர்ப்புச் சக்திய ரொம்பக் கீழ இறக்கிடும். சாதாரண சளிகூட ஆபத்தாகலாம். நாளைக்குக் காலைல ஆரம்பிச்சிடலாம்."

தலையாட்டினேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டவனுக்கான வைத்தியத்தை, போடாதவனுக்குச் செய்யப்போகிறார்கள். அது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அப்பா கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

மதியம் கிரேஸ் அக்கா வந்தார். இந்த முறை இரண்டு தாள்கள். ஒன்று எனக்கு. இன்னொன்று தானம் கொடுத்தவருக்கு, வருடத்துக்கு ஒருமுறை. "அப்பாவுக்கு நீயே படிச்சிக் காமிச்சி எழுதிடுப்பா. நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் என்னுடையதை முடித்தேன். எல்லாம் ஒருபோதும் இல்லை. அடுத்து அப்பாவுடையதை எடுத்துப் பாதிவரை வந்திருப்பேன்.

"இன்னா, என்னக் கேக்காமயே எழுதிக்கினு போற?" என்றார் அப்பா.

"வழக்கமா கேக்கறதுதாம்பா. நல்லா இருக்கீங்களான்னு."

"படி. நானும் கேக்கறன்."

படித்தேன். அறுவை செய்த இடத்தில் வலி உண்டா?

"குனிஞ்சா இழுக்குது. எழுது."

முன்பு செய்த வேலைகளை இப்போதும் செய்ய முடிகிறதா?

"செய்யலாம். வுட மாட்டன்றானுங்க. அதுக்குக் கட்டம் இருக்குதா?"

இல்லை என்றேன். "அப்ப ஓரத்துல எழுது" என்றார். எழுதினேன். அடுத்த கேள்வியில் நின்றுவிட்டேன். அதற்கு ஏற்கெனவே குறியிட்டிருந்தேன்.

"இன்னா, அதுக்குமேல இல்லியா?"

"இருக்குது. சிறுநீரகம் தானம் கொடுத்ததை நினைத்து வருந்தியது உண்டா. இல்லைன்னு போட்டுட்டேன்பா."

அப்பா ஆரஞ்சுத் தோலைக் காகிதத்தில் மடித்து வைத்தார். "வேற இன்னா கட்டம் இருக்குது?"

"சில நேரம். அடிக்கடி."

"சில நேரம்னு போடு."

நான் பேனாவை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன்.

"கேட்டுல உக்காந்துக்கினு இருக்கறன்ல. பசங்க தோல எறக்குவானுங்க. முன்னெல்லாம் என்னக் கேக்காம டிரம்மு சுத்தாது. இப்ப யாரும் கூப்புட மாட்டன்றானுங்க. அப்பத் தோணுச்சி, ஏன்டா குடுத்தோம்னு. ரெண்டு மூணு தபா. வூட்டுக்கு வந்தா நீ சோறு சாப்ட்டுக்கினு இருப்ப. பூடும்."

"இத எழுதுனா இன்னா நெனப்பாங்க?"

"நெனச்சிக்கட்டும். குடுத்தத திருப்பியா கேக்கறன்? கேட்டாங்க, சொல்றன்."

அடித்துவிட்டு அடுத்த கட்டத்தில் குறியிட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. ஒரு வருடமாக மார்பின்மேல் யாரோ உட்கார்ந்திருந்து, இப்போதுதான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. அப்பா சாமி இல்லை. கொடுத்தார். வருத்தமும் பட்டார். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடிகிறது.

"உன்னுது எங்க? அதயும் படி" என்றார்.

அவருக்கு எழுத்து தெரியாது. நான் எதைப் படித்தாலும் நம்ப வேண்டியதுதான். தாளை எடுத்து முதல் கேள்வியைப் படித்தேன். எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா?

"இன்னா போட்டுக்கற?"

"ஒருபோதும் இல்லைன்னு."

"யாருகிட்ட கத வுடற? ஒரு வருசமா மூஞ்சியப் பாக்கறன் நானு."

அதற்குமேல் படிக்க முடியவில்லை. "மாத்திரை போடலப்பா" என்றேன். "வாரத்துல ரெண்டு மூணு வேள. நாலஞ்சி மாசமா."

அப்பா எழுந்தார். கையை ஓங்குகிறார் என்று நினைத்தேன். ஓங்கவில்லை. வார்டைவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நடைக்கூடத்தின் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். தண்ணீர்க் குழாய்க்குப் போய் முகம் கழுவினார். மறுபடியும் சுவரருகே வந்து நின்றார். நான்கு மணி ஆக இருந்தது.

திரும்பி வந்தவர் உட்காரவில்லை. "உன்ன அடிக்கவும் முடில. உள்ள இருக்கறது என்னுதா பூட்ச்சி" என்றார். பிறகு, "டாக்டரம்மா கீழ ஓபியில இருக்காங்களாம். சிஸ்டருகிட்டச் சொல்லிட்டன். எழுந்துரு."

டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பேனாவை மூடிவைத்துவிட்டு எத்தனை வேளை, எத்தனை மாதம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். "நாளைக்கு அந்த ஊசி வேண்டாம். மூணு நாள் ஸ்டீராய்டு ஊசி, பழைய மாத்திரையே நேரத்துக்கு. நீங்க சொல்லலன்னா உங்களத் தேவையில்லாத இடத்துக்குக் கொண்டுபோயிருப்பேன்" என்றார். பிறகு, "ஏன் போடல?" என்றார்.

சொன்னேன். கண்டக்டரைப் பற்றியும் சொன்னேன். அவர் அதற்கு மனச்சோர்வு நோய் (வாரக்கணக்கில் மனம் இறங்கியே இருப்பது, மருந்தாலும் பேச்சாலும் குணமாகும்) என்று பெயர் சொன்னார். "நன்றி கெட்டவன்னு நெனச்சிக்கிட்டு இருந்தீங்களா? ஸ்டீராய்டும் மனச இழுக்கும். ஒரு வருஷம் ஒரே ரூம்ல இருந்ததும் இழுக்கும். காலு வீங்குனா வந்து சொல்றீங்க, இத மட்டும் ஏன் மறைக்கறீங்க?"

அப்பா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பத்து மாதம் ஆகிறது. கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஏழில் நிற்கிறது. பழைய ஒன்று புள்ளி ஒன்றுக்கு இனி வராது. சிறுநீரகத்தில் தழும்பு விழுந்துவிட்டது. அதைச் செய்தது நான். மனநல மருத்துவரிடம் மாதம் ஒருமுறை போகிறேன். அம்மா தெருவில் "கண்ணு டாக்டர்கிட்ட" என்று சொல்லிவைத்திருக்கிறாள். என் கண் இவ்வளவு மோசமா என்று சிலர் விசாரிக்கிறார்கள். கம்பெனியில் தூசி இல்லாத பேக்கிங் ஆவணப் பிரிவில் இடம் கொடுத்திருக்கிறார்கள். இம்ரான் மாஸ்க் போட்டுக்கொண்டு ஒருநாள் வந்தான். பேச எங்களுக்கு அதிகம் இருக்கவில்லை. இருந்தாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

தனிமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அது அப்படியே இருக்கிறது. இப்போது அந்தத் தாளில் 'சில நாட்கள்' என்ற கட்டத்தில் குறியிடுகிறேன். கிரேஸ் அக்கா அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். உங்களிடமும் அப்படி ஒரு தாளைக் கொடுப்பார்கள். பக்கத்தில் உங்களுக்கு உறுப்பு கொடுத்தவரே உட்கார்ந்திருக்கலாம். அவர் முன்னால் எழுத வாயும் கையும் கூசும், தெரியும். அவரிடமும் கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்பாவின் இடப் பக்கத்திலிருந்து எடுத்ததை என் வலப் பக்க அடிவயிற்றில், தோலுக்கு மிக அருகில் வைத்திருக்கிறார்கள். விரலால் தொட்டால் அதன் விளிம்பு தெரிகிறது. முன்பெல்லாம் அங்கே கை பட்டாலே எடுத்துவிடுவேன். எத்தனை வருடம் தாங்கும் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது முன்னால் எண்ணுவது குறைந்து, பின்னால் எண்ணுகிறேன். எனக்கு இருபத்தேழு வயது. அதற்கு ஐம்பத்து நான்கு. இப்போது என் வயது எவ்வளவோ, அவ்வளவு காலம் அது நான் இல்லாத உலகத்தில் வேலை செய்திருக்கிறது. அப்பா முதன்முதலாகச் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று வியர்த்த நாளில் அது இருந்தது. நான் பிறந்தேன் என்று யாரோ ஓடிவந்து சொன்னபோதும் இருந்தது.

காலையில் பாலாற்றுப் பாலத்தின் வழியாக வேலைக்குப் பஸ் பிடிக்க நடந்து போகிறேன். நடக்கலாம், ஓடவும் செய்யலாம் என்று டாக்டர் அனுமதித்திருக்கிறார். பஸ் பாலத்தின் அந்த முனையில் திரும்புவது தெரிந்தால் கால் தானாக விரைகிறது. அப்புறம் கொஞ்சம் நிதானித்துக்கொள்கிறேன், ஐம்பத்து நான்கு வயதான ஒருவர் என்னோடு நடந்து வருகிறார் என்பதால்.